கடல் விசிறிகள் ஏன் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன?

கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பி எழுதிவிடுகிறேன், அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தமான் கடலில் முக்குளிக்கும் காணொளி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். பாறைச் சரிவில், விசிறிபோல் தட்டையாகக் கிளைவிட்டு வளரும் பவள வகைப் பிராணிகளான கடல் விசிறிகள், யாரோ கயிறு பிடித்து நட்டதுபோல, எல்லாம் ஒரே திசைக்கு முகம் காட்டி நின்றன. அவற்றுக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும் என்பது முதல் கேள்வி. நகர முடியாமல் ஒட்டிக்கொண்டு வாழும் இந்த உயிர்களுக்குச் சாப்பாடு ஓட்டத்தோடுதான் வருகிறதென்றால், ஓட்டம் கூடக்கூட அவை கொழிக்க வேண்டுமே, அப்படியா என்பது இரண்டாவது. கடைசியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: ஓட்டம் திரும்பினால் விசிறியும் திரும்புமா? மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். கடலடியில் உட்கார்ந்து நீரை வடிகட்டிச் சாப்பிடும் ஒரு பிராணிக்கு ஓட்டம் என்னவாக இருக்கிறது? அதைச் சொல்லிவிட்டால் மற்றவை தானாக விளங்கும்.

நான் கடலுயிரியல் படித்தவன். சிப்பிகளோடும், படகின் அடியிலும் தூணிலும் பாறையிலும் ஒட்டி வளரும் உயிர்களோடும் இருபது வருடத்துக்கு மேல் மன்னார் வளைகுடாப் பக்கம் வேலை பார்த்திருக்கிறேன். நான் கண்ணால் பார்த்ததெல்லாம் இருபத்தைந்து மீட்டர் ஆழத்துக்குள் அடங்கும். ஆழ்கடலைப் பற்றிச் சொல்வது படித்தறிந்தது மட்டுமே. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் வசதி. ஓட்டம் கூடினால் நல்லதா என்றால், ஓர் அளவு வரைக்கும்தான். அந்த அளவு ஒவ்வொரு இனத்துக்கும் வேறு. காரணம் எளிய கணக்கு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், ஒரு விசிறியைக் கடந்து போகும் உணவு இரண்டு மடங்காகும். ஆனால் விசிறியைப் பிடித்துத் தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. வளையக்கூடிய உடம்பாக இருந்தால் சாய்ந்து கொடுத்து அந்த ஏற்றத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் வரவு ஒரு வேகத்தில் ஏற, செலவு அதைவிட வேகமாக ஏறும் இடம் ஒன்று கட்டாயம் வந்தே தீரும். கடலடியில் நீங்கள் பார்க்கும் வடிவங்களில் முக்கால்வாசி இந்தக் கணக்கைச் சமாளிக்கும் வழிகள்தான்.

கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடலில் ஓட்டம் என்று நாம் அளப்பது பெரும்பாலும் தரைக்கு மேலே ஒரு மீட்டரிலோ அதற்கு மேலேயோ. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர் நகர்வதே இல்லை. அங்கிருந்து மேலே போகப்போக வேகம் படிப்படியாகக் கூடும். மணல் தரையில் இந்த ஏற்றம் ஏறத்தாழ மடக்கை விதிப்படி நடக்கும்: ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் வேகத்தில் பாதிதான் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், ஒரு மில்லிமீட்டரில் கால்வாசி இருந்தால் அதிகம். தரையின் கரடுமுரடைப் பொறுத்து இந்த விகிதம் மாறும், போக்கு மாறாது. பாடப்புத்தகத்தில் இதை எல்லைப் படலம் என்பார்கள். வீட்டு மின்விசிறியைப் பாருங்கள். நாள் முழுக்கச் சுழன்று காற்றைக் கிழிக்கிறது, ஆனாலும் இறக்கையில் தூசி அப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இறக்கையை ஒட்டிய மெல்லிய படலத்தில் காற்று இறக்கையோடு சேர்ந்தே சுற்றுவதால் தூசிக்கு அங்கே புயலும் இல்லை தென்றலும் இல்லை. கடலடியில் அரை சென்டிமீட்டர் உயரத்தில் வாழும் ஒரு பிராணி அந்தத் தூசியின் நிலையில் இருக்கிறது. தலைக்கு மேல் ஆறுபோல் உணவு ஓடும், வாய்க்கு வந்து சேருவது சொட்டுச்சொட்டாக.

ஆகவே முதல் வழி, உயர்வது. கடல் விசிறியும், இறகுப் பேனா வடிவிலான கடற்பேனாவும், பெயரில் பூ இருந்தாலும் நட்சத்திர மீனுக்கு உறவான பிராணிகளான கடல் அல்லிகளும் காம்பு வளர்த்துக்கொண்டு ஓட்டம் உள்ள இடத்துக்குத் தலையை நீட்டுகின்றன. இறகு நட்சத்திரம் என்கிற பிராணிக்குக் காம்பு கிடையாது. அது ஒரு கடற்பஞ்சின் மேலோ விசிறியின் உச்சியிலோ ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரவில் விளக்கடித்துப் பார்த்தால் கோபுரத்தில் புறா உட்கார்ந்த மாதிரி ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஒன்று இருக்கும்.

இப்போது விசிறிக்கு வருகிறேன். தட்டையான விசிறி ஓட்டத்துக்குக் குறுக்கே நின்றால் எல்லாக் கிளைக்கும் புது நீர் கிடைக்கும். ஓட்டத்தோடு நீளவாக்கில் நின்றால் முன்கிளை சாப்பிட்ட மிச்சம்தான் பின்கிளைக்கு. குறுக்கே நிற்பதுதான் லாபம் என்பதில் சந்தேகமில்லை. அது விசிறிக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியதே இல்லை. 1969இல் ஃப்ளோரிடாவின் பவளத்திட்டுகளில் இருக்கும் விசிறிகளை வெயின்ரைட், டில்லன் என்கிற இருவர் அளந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சிறு விசிறிகள் கண்டபடி எல்லாத் திசையிலும் நின்றன, பெரியவை ஒழுங்காக ஓட்டத்துக்குக் குறுக்கே நின்றன. ஆக, பிறக்கும்போது திசை கிடையாது, வளர வளர வருகிறது. அதன் விளக்கமும் இயந்திரவியல்தான். எஞ்சின் நின்றுபோன வள்ளம் அலைக்கு நேராக நிற்காது, குறுக்கே திரும்பி விலாவைக் காட்டிக்கொண்டு கிடக்கும். கடலுக்குப் போகும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆற்றில் போட்ட பலகையும் அப்படியே. ஓட்டத்துக்குச் சாய்வாக நிற்கும் தட்டையான பொருளின் முன்விளிம்பில் அழுத்தம் கூடுதலாக விழுவதால் அது திருகிக்கொண்டு அகலவாட்டுக்கு வந்துவிடும். விசிறியின் தண்டு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சாய்வாக நிற்கும் இளம் விசிறியை ஓட்டம் நாளெல்லாம் திருகிக்கொண்டே இருக்கும், புது வளர்ச்சி அந்தத் திருகலோடு இறுகும், சில வருடத்தில் குறுக்கே நின்றுவிடும்.

இதனால்தான் விசிறியை ஒரு திசைகாட்டியாகவும் பார்க்கலாம். சங்கு குளிக்கப் போகும் அண்ணாச்சி ஒருவர் எனக்கு இதை என் பட்டப்படிப்புக்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிட்டார். எங்கள் பக்கம் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். வடக்கேயிருந்து வந்தால் வாநீவாடு, தெற்கேயிருந்து வந்தால் சோநீவாடு. “தம்பி, அடியில தெச தப்பிட்டா பதறாதீங்க. விசிறியப் பாருங்க. அதோட முகத்துக்கு நேராத்தான் நீவாடு வரும், போகும்” என்றார். வரும், போகும் என்று அவர் சேர்த்துச் சொன்னது முக்கியம். தட்டை விசிறி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வேலை செய்யும், அதனால் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் நீருக்கு அது பொருத்தம். எப்போதும் ஒரே திசையில் ஓடும் இடத்தில் கிண்ணம்போல் குழிந்த வடிவங்கள் அதிகம் தென்படும். அலை உடைந்து எந்தத் திசையென்றே சொல்ல முடியாதபடி நீர் புரளும் இடத்தில் புதர்போல் எல்லாப் பக்கமும் கிளைவிட்ட வடிவங்கள். விதிவிலக்குகள் நிறைய உண்டு, இதை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள். ஆனால் ஓர் இடத்தில் இறங்கியதும் முதல் பார்வையில் ஓட்டத்தின் குணத்தை யூகிக்க எனக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

குறுக்கே நிற்பது போதாது, பிடிக்கவும் வேண்டும். பிடிப்பதைச் சல்லடை என்று நினைப்பதுதான் பொதுவான தவறு. மில்லிமீட்டருக்குக் கீழான அளவில் நீர் பாகு மாதிரி நடந்துகொள்ளும். மெல்லிய உணர்கொம்புகளைச் சுற்றி அது வழுக்கிக்கொண்டு போகும்போது, இடைவெளியைவிடச் சிறிய துகள்கூட கொம்பில் பட்டு ஒட்டிக்கொள்ளும். சிலந்தி வலையில் கொசுவோடு தூசியும் சேருகிறதே, கிட்டத்தட்ட அப்படி. ஆகவே ஓட்டம் மிகமெதுவாக இருந்தால் துகள் கொம்புக்கு வந்து சேராது. மிகவேகமாக இருந்தால் ஒட்டிய துகளை நீரே பிய்த்துக்கொண்டு போகும், இல்லையென்றால் பாலிப்புகளே, அதாவது கிளையெங்கும் இருக்கும் வாயும் உணர்கொம்புகளும் கொண்ட குட்டி உடல்களே, மடங்கிப் படுத்துவிடும். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் ஒரு மென்பவளத்தில் பாட்டர்சன் என்பவர் 1984இல் அழகான ஒன்றைக் காட்டினார். மெதுவான ஓட்டத்தில் ஓட்டத்தைப் பார்த்த பக்கத்துப் பாலிப்புகள்தான் அதிகம் பிடித்தன. வேகம் கூடியபோது முன்பக்கம் அடிவாங்கிக்கொண்டிருக்க, மறைவான பின்பக்கத்துப் பாலிப்புகள் அதிகம் பிடித்தன. ஒரே உடம்பில் எந்த வாய் இன்றைக்குச் சாப்பிடும் என்பதை ஓட்டம் தீர்மானிக்கிறது.

கடல் அல்லிகளும் இந்தப் பின்பக்க மறைவை நம்புபவைதான். அவற்றின் புதைபடிவங்களை மட்டும் பார்த்த காலத்தில், கைகளைக் கிண்ணம்போல் மேலே விரித்து விழுவதை ஏந்திச் சாப்பிடும் என்றுதான் பலர் படம் வரைந்தார்கள். 1970களில் கரீபியன் கடலில் நீர்மூழ்கியில் போய்ப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. காற்றை எதிர்த்துப் பிடித்த குடைபோல் கைகளை ஓட்டத்துக்கு எதிராக வளைத்து, முதுகை ஓட்டத்துக்கும் வாயை மறைவுக்கும் காட்டிக்கொண்டு நின்றன. நீர் கைகளுக்கு இடையே புகுந்து பின்பக்கம் வேகம் குறையும் இடத்தில் துகள்களைப் பிடிக்கும் குழாய்க்கால்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன.

இதுவரை சொன்னவை கையை நீட்டிக் காத்திருக்கும் ரகம். இன்னொரு ரகம் தானே நீரை இறைத்துக்கொள்ளும். சிப்பி, ஆளி, மட்டி, கடற்பஞ்சு எல்லாம் இதில் அடக்கம். நடுத்தர அளவுள்ள ஒரு பாறைச் சிப்பி மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் நீரை வடிகட்டிவிடும். கடற்பஞ்சு ஒரு நாளில் தன் உடல் பருமனைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு நீரைத் தன் வழியாகச் செலுத்தும். சொந்தமாகப் பம்பு வைத்திருப்பவனுக்கு வெளியே வாய்க்காலில் நீர் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்று தோன்றலாம். தோன்றுவது தவறு. ஒன்று, ஓட்டம் இல்லாவிட்டால் தான் வடிகட்டி வெளியே விட்ட சக்கை நீரையே மறுபடி இழுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, ஓட்டம் சில சமயம் பம்புக்கு உதவும்.

கடற்பஞ்சின் உடம்பெங்கும் நுண்துளைகள், உச்சியில் பெரிய வாய். நுண்துளை வழியே உள்ளே, பெரிய வாய் வழியே வெளியே. உச்சியில் ஓட்டம் வேகம், அடியில் மெதுவு. வேகமாக நீர் கடக்கும் இடத்தில் அழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் நீர் உச்சி வழியே இழுக்கப்படும். செங்கல் சூளையின் புகைபோக்கி மேலே காற்று வீசினால் நன்றாக இழுக்குமே, அதே சூட்சுமம். ஸ்டீவன் வோகல் 1970களில் இதைக் கடற்பஞ்சுகளில் அளந்து காட்டினார். இயற்பியல் உறுதியானது. கனடாவின் பசிபிக் கரையில் உள்ள கண்ணாடிக் கடற்பஞ்சுகளிலும் இந்த உதவி இருப்பதை அளந்திருக்கிறார்கள். ஆனால் எல்லாக் கடற்பஞ்சுக்கும் இது ஒரு பெரிய சேமிப்பு என்று பல பாடநூல்கள் எழுதியது மிகை என்பது என் கருத்து. பிற்காலத்தில் வேறு இனங்களில் செய்த அளவீடுகளில், வெளி ஓட்டம் கூடியபோது இறைப்பு கூடவில்லை, சிலவற்றில் குறைந்தது. மண்டி உள்ளே புகுந்துவிடாமல் இருக்க அவை துளைகளைச் சுருக்கிக்கொள்கின்றன என்பது ஒரு விளக்கம். நம் கடல்போல் கலங்கலான நீரில் எனக்கு அது நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

கொட்டலசைச் சொல்லாமல் போனால் என் பிழைப்புக்கே துரோகம். படகின் அடியிலும் துறைமுகத் தூணிலும் வெள்ளையாகக் கூம்பு கூம்பாக ஒட்டியிருக்குமே, காலைக் கிழித்துவிடுமே, அதுதான். உள்ளே இருப்பது இறால் வகையறாவைச் சேர்ந்த ஒரு பிராணி. தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு கால்களால் சோற்றை வாரும். நீர் மந்தமாக இருந்தால் இறகுபோன்ற கால்களை வெளியே வீசி வீசி இழுக்கும். ஓட்டம் போதுமான அளவு வந்துவிட்டால் வீசுவதை நிறுத்தி, கால்களை விரித்துப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். நீர் திரும்பினால் விரித்த காலையும் திருப்பிக்கொள்ளும் இனங்கள் உண்டு. இதைவிட வியப்பு, காலின் நீளமே ஓட்டத்துக்குத் தக்கபடி மாறுவது. அமைதியான குடாவில் வளர்ந்தவற்றுக்கு நீண்ட மெலிந்த கால்கள், அலை மோதும் பாறையில் வளர்ந்தவற்றுக்குக் குட்டையான தடித்த கால்கள். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஓர் இனத்தை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்கள், 2003இல் வெளியான ஆய்வு. தோலுரித்து அடுத்த கால் முளைக்கும்போது புது இடத்துக்கு ஏற்ற காலாக முளைத்தது. அலைத்தடுப்புச் சுவரின் கடல்பக்கத்துக் கொட்டலசையும் உள்பக்கத்துக் கொட்டலசையும் உயிரோடு ஒரே தொட்டியில் போட்டுப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன். இனமே வேறாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடுதான்.

அடுத்து, அக்கம்பக்கம். சிப்பி தனியாக வாழ்வது அபூர்வம், படுகையாகத்தான் இருக்கும். படுகை ஒரு பந்தி மாதிரி. பரிமாறுபவர் ஒரு முனையிலிருந்து வருகிறார், வாளியில் இருப்பது குறைந்துகொண்டே போகிறது, கடைசி இலைக்கு வரும்போது கரண்டி அடியில் உரசுகிறது. மேலேயிருந்து யாராவது வாளியை நிரப்பிக்கொண்டே இருந்தால்தான் கடைசி இலைக்கும் சோறு. அந்த நிரப்பும் வேலையைச் செய்வது நீரின் சுழல்கள். தரை கரடாக இருந்தால், ஓட்டம் வேகமாக இருந்தால், மேல்நீரும் கீழ்நீரும் கலக்கும். ஏற்றவற்றம், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் ஓட்டம், திரும்பும்போது பந்தி எதிர்முனையிலிருந்து தொடங்கும் என்பது கடைசி வரிசைக்கு இன்னொரு ஆறுதல். நெதர்லாந்தின் வாடன் கடலில் சேற்றுத் தரையில் வாழும் சிப்பிகள், ஏற்றவற்ற ஓட்டத்துக்குக் குறுக்காகப் பட்டை பட்டையாக, நடுவே வெற்றிடம் விட்டு அமைந்திருக்கும். அருகருகே சேர்ந்தால் பிடிமானம் கிடைக்கும், அளவுக்கு மீறிச் சேர்ந்தால் சோறு தீரும். இரண்டும் சேர்ந்துதான் அந்தக் கோலம் போடுகின்றன என்று 2005இல் ஒரு குழு விளக்கியது. எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது.

இந்த இடத்தில் என் சொந்தத் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் இரண்டாவது கேள்வியை நானும் ஒருகாலத்தில் தவறாகப் புரிந்துகொண்டவன் என்பதற்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இளம் முத்துச்சிப்பிகளைக் கூண்டில் வைத்து வளர்த்துப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அமைதியான ஓரிடமும் ஓட்டம் நன்றாக இழுக்கும் ஒரு வாய்க்கால் பக்கமும் இருந்தன. ஓட்டம் இருந்தால் தீனி என்று கூண்டுகளில் பெரும்பகுதியை வாய்க்கால் பக்கம் கட்டினேன். சில மாதம் கழித்துத் தூக்கியபோது அமைதியான இடத்துச் சிப்பிகள்தான் பெரிதாக இருந்தன. வாய்க்கால் பக்கத்தில் கூண்டு ஆடி ஆடிச் சிப்பிகளின் ஓர வளர்ச்சி உடைந்துகொண்டே இருந்திருக்கிறது. பாதி நேரம் அவை வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். அப்புறம்தான் பழைய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் குடா விசிறிச்சிப்பியைக் குழாயில் வைத்து வெவ்வேறு வேகத்தில் நீர் விட்டுப் பார்த்ததில், வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் வளர்ச்சி குறைந்ததை 1972லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். உள்ளிழுக்கும் வாய்க்கும் வெளியேற்றும் வாய்க்கும் இடையே வெளி ஓட்டம் உண்டாக்கும் அழுத்த வேறுபாடு பம்பை எதிர்த்துத் தள்ளும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. கடற்பஞ்சுக்கு உதவிய அதே சங்கதி இங்கே வேறு கோணத்தில் வந்து இடைஞ்சல் செய்கிறது.

முத்துச்சிப்பி என்று எடுத்தாயிற்று, பார்களைப் பற்றிச் சொல்லாமல் நிறுத்த முடியாது. என்னைக் கேட்டால், ஓட்டம் ஒரு பிராணியின் வாழ்க்கையை எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு நம் கடலில் கிடையாது. தூத்துக்குடிக்கு வெளியேயும் இலங்கையின் மன்னார்க் கரைக்கு வெளியேயும் மணலுக்கு நடுவே தட்டையான பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. அவற்றைத்தான் பார் என்கிறோம். முத்துச்சிப்பி அந்தப் பாறையில் நார் விட்டுக் கட்டிக்கொண்டு வாழும். சுற்றிலும் மணல், நடுவில் பாறை என்பதுதான் இங்கே எல்லாத் துன்பத்துக்கும் காரணம்.

முத்துக்குளிப்பு எந்தக் காலத்திலும் நம்பகமான தொழிலாக இருந்ததில்லை. தூத்துக்குடியில் 1926 முதல் 1928 வரை நடந்தது, அப்புறம் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு எதுவும் இல்லை. 1955இல் மறுபடி தொடங்கி 1961இல் முடிந்தது. அதன்பிறகு இன்றுவரை நடக்கவில்லை. இலங்கைப் பக்கம் 1905ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள், இரண்டே வருடத்தில் அங்கேயும் படுத்துவிட்டது. இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் 1902இல் ஹெர்ட்மன் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளரை இலங்கைக்கு வரவழைத்தார்கள். உதவிக்கு வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் பிற்பாடு சென்னை மாகாணத்துக்கும் வேலை செய்தார்.

அவர்கள் ஆராய்ந்தவற்றில் பெரிய பார் என்று ஒன்று. கரையிலிருந்து தள்ளி, தரை சட்டென்று ஆழத்துக்கு இறங்கும் விளிம்பை ஒட்டி இருப்பது. அங்கே கோடிக்கணக்கில் குஞ்சுச் சிப்பி வந்து ஒட்டும், பருவமடைவதற்குள் ஒன்றுகூட மிஞ்சாது. மறுபடி வரும், மறுபடி காணாமல் போகும். குளியாட்கள் அதைத் தாய்ப்பார் என்று சொன்னார்கள். அங்கே பிறந்த குஞ்சுகள்தான் கரையோரப் பார்களுக்கு இடம்பெயர்ந்து வருகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. ஹெர்ட்மன் அதை மறுத்தார். குஞ்சுகள் எங்கும் போகவில்லை, தென்மேற்குப் பருவக்காற்றின் முழு அடியும் விழும் இடத்தில் அந்தப் பார் இருப்பதால் அங்கேயே அழிகின்றன என்றார். வேகமான ஓட்டம் குஞ்சைப் பாறையிலிருந்து பெயர்த்து ஆழத்துக்கோ மணலுக்கோ தள்ளும், மணலை அள்ளிப் பாறைமேல் மூடும். மணல் மூடிய சிப்பியால் வடிகட்ட முடியாது, மூச்சுவிடவும் முடியாது. அந்தக் குஞ்சுகளைப் பருவக்காற்றுக்கு முன்பே அள்ளிக்கொண்டுபோய்ப் பத்திரமான பார்களில் போடலாம் என்பது அவர் சொன்ன யோசனை.

குளியாட்கள் சொன்ன தாய்ப்பார்க் கதையை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். ஒட்டிய குஞ்சு பத்து மைல் நடந்து போகாது, அதில் ஹெர்ட்மன் சொன்னது சரி. ஆனால் ஒட்டுவதற்கு முந்தின பருவத்தில் முத்துச்சிப்பியின் இளம் உயிரி ஏறக்குறைய மூன்று வாரம் நீரில் மிதக்கிறது. அதன் சொந்த நீச்சல் நொடிக்குச் சில மில்லிமீட்டருக்குள்தான், மேலே கீழே போக உதவும், ஓட்டத்தை எதிர்க்க உதவாது. நொடிக்கு 20 சென்டிமீட்டர் என்ற சாதாரண நீவாடு ஒரே திசையில் இழுத்தால் நாளொன்றுக்கு 17 கிலோமீட்டர், மூன்று வாரத்தில் 350 கிலோமீட்டர். மன்னார் வளைகுடாவையே கடந்துவிடும். உண்மையில் ஏற்றவற்றம் முன்பின் இழுப்பதாலும் சுழல்களாலும் நிகரத் தூரம் இதைவிட மிகக் குறையும். ஆனாலும் ஒரு பாரில் பிறந்தது அதே பாரில் ஒட்டும் என்று எதிர்பார்க்க வழியில்லை. இரண்டு கரைப் பார்களும் ஒன்றுக்கொன்று குஞ்சு அனுப்பிக்கொள்கின்றன என்ற கருத்து நெடுநாளாக இருக்கிறது. தென்காற்று வீசும் சோழகக் காலத்தில் ஒரு திசை, வடகாற்று வீசும் வாடைக் காலத்தில் எதிர்த்திசை என்று வருடத்துக்கு இருமுறை நீவாடு மாறும் கடலில் அது நடக்கக்கூடியதுதான். நடக்கக்கூடியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன்.

பார்கள் வறண்டதற்கு ஓட்டம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். திருக்கையும் கிளாத்தி மீனும் சிப்பியை உடைத்துத் தின்னும். சூரன் என்று நம் ஆட்கள் சொல்லும் சிறு சிப்பி இனம் நார்ப்பாய் பின்னிப் பாறையை மூடி முத்துச்சிப்பிக் குஞ்சுகளை மூச்சுத்திணற வைக்கும். அதுவும் வடிகட்டித் தின்னும் பிராணிதான், இதே ஓட்டத்துக்குப் போட்டி போடுவது. அளவில்லாமல் அள்ளியதும் உண்டு. எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் கணக்கு எதையும் நான் நம்பியதில்லை. என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று அடித்து ஓய்ந்த பிறகு ஒரு பாரில் இறங்கிப் பார்த்தால், போன முறை பாறையாக இருந்த இடம் மணலாகவும் மணலாக இருந்த இடம் பாறையாகவும் இருக்கும். அந்தப் பாறையில் மூன்று மாதம் முன்பு ஒட்டிய எதுவானாலும் அதன் தலையெழுத்து அத்தோடு முடிந்தது.

கடைசியாக உங்கள் மூன்றாவது கேள்வி. கொட்டலசு காலைத் திருப்பும், இறகு நட்சத்திரம் கையை மாற்றி வளைக்கும், கடற்பேனா தண்டைத் திருகிக்கொள்ளும். கடல் விசிறி திரும்பாது. நீர் முன்னும் பின்னும் போய்வரும்போது வளைந்து கொடுக்கும், அவ்வளவுதான். ஓட்டத்தின் திசையே நிரந்தரமாக மாறிவிட்டால் பழைய பகுதியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது, புதிதாக வளரும் பகுதியைத்தான் மாற்ற முடியும். ஒரு முறை, நங்கூரம் பட்டோ என்னவோ, சாய்ந்து வேறு கோணத்தில் சிக்கி நின்ற ஒரு விசிறியைப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் பார்த்தேன். அடிப்பகுதி கிழக்கு மேற்காக, பாசி பிடித்து, முக்கால்வாசி செத்திருந்தது. அதன் உச்சியிலிருந்து உள்ளங்கை அளவுக்குப் புதிதாக முளைத்த பகுதி மட்டும், அக்கம்பக்கத்து விசிறிகளோடு சேர்ந்து, நீவாட்டுக்குக் குறுக்கே திரும்பியிருந்தது.